பத்துக்குப் பன்னிரண்டு: வீட்டு ஒலிப்பதிவு அறையின் இயற்பியல்

வீட்டில் ஒலிப்பதிவு செய்ய விரும்புபவர் பெரும்பாலும் முதலில் விலை விசாரிப்பது மைக்கை. அடுத்து ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர், கணினி என்று பட்டியல் நீண்டு, கையிருப்பு கரைந்த பின்னரே இவற்றையெல்லாம் வைக்கப்போகும் அறையைப் பற்றிய நினைவு வருகிறது. இந்த வரிசை தலைகீழானது. மைக் என்பது தன்னை வந்தடையும் காற்றழுத்த மாற்றத்தை மின்னழுத்த மாற்றமாக்கித் தரும் கருவி. அந்த அழுத்த மாற்றத்தில் பாடுபவரின் குரல் எவ்வளவு, சுவரில் மோதித் திரும்பிய குரல் எவ்வளவு, தெருவில் போகும் ஆட்டோவின் இரைச்சல் எவ்வளவு என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்குக் கிடையாது. விலை உயர்ந்த மைக் இம்மூன்றையும் இன்னும் துல்லியமாகப் பதிந்து கொடுக்கும்.

வீட்டு அறையில் தரமான பதிவு இயலாது என்று எண்ணவும் வேண்டியதில்லை. அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால், 1940களில் ஹாலிவுட்டில் தம் வீட்டின் கார் கொட்டகையில் அமைத்துக்கொண்ட கூடத்தில்தான், ஒரே கலைஞர் பல பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பதியும் முறையை வளர்த்தெடுத்தார். சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் 'போர்ட்டாஸ்டுடியோ' கருவி 1979இல் விற்பனைக்கு வர, மூன்றே ஆண்டுகளில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அதைக் கொண்டு வாடகை வீட்டு அறையில் பதிந்த பாடல்கள் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்தன. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 1989இல் தம் வீட்டின் பின்புறம் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தில்தான் 1992இல் வெளியான 'ரோஜா'வின் பாடல்கள் உருவாயின. 2020இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்ற பாடகி பில்லி ஐலிஷின் தொகுப்பு, லாஸ் ஏஞ்சலஸில் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் பதிவானது. ஆகவே ஒருவர் ஆராய வேண்டியது, தம் கையிலுள்ள அறை ஒலியை என்ன செய்கிறது, அதில் எதைத் திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது என்பதைத்தான்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் அறை, தமிழ்நாட்டு வீடுகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது: பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதன்மேல் சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் தரை, மேலே கான்கிரீட் தளம், ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு பரண். மீட்டர் கணக்கில் இதன் அளவுகள் 3.05, 3.66, 3.05; கன அளவு 34 கன மீட்டர்; சுவர், தரை, கூரை ஆகிய ஆறு பரப்புகளும் சேர்ந்து சுமார் 63 சதுர மீட்டர்.

இந்த அறையில் செய்ய வேண்டிய வேலை இரண்டு வகைப்படும். இரண்டும் வெவ்வேறு இயற்பியல் விதிகளின்படி நடப்பவை. வெளியொலி உள்ளே வராமலும் உள்ளொலி வெளியே போகாமலும் தடுப்பது ஒன்று. இதை ஒலித்தடுப்பு எனலாம். உள்ளே பிறந்த ஒலி சுவர்களுக்கிடையே அலைந்து நீடிக்காமல் அடக்குவது மற்றொன்று. இதற்கு உட்கவர்தல் என்று பெயர். தடுப்புக்கு வேண்டியது எடையும் காற்றுப் புகாத மூட்டும். உட்கவர்தலுக்கு வேண்டியது காற்று நுழைந்து செல்லக்கூடிய நுண்துளைப் பொருள். சுவரில் ஸ்பாஞ்சு ஒட்டிவிட்டால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காது என்று நம்பிப் பணத்தை இழப்பவர்கள் ஏராளம்; காற்றே ஊடுருவிச் செல்லும் பொருள் ஒலியை எப்படி நிறுத்தும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

தடுப்பின் அடிப்படை விதி எடையைச் சார்ந்தது. ஒலியலை சுவரை மோதும்போது சுவர் மிக நுட்பமாக அதிர்ந்து, மறுபக்கக் காற்றை அசைக்கிறது. சுவர் கனமாக இருந்தால் அதை அசைப்பது கடினம். ஒரு சுவரின் எடை இரட்டிப்பானால் அது தடுக்கும் ஒலி சுமார் 5 முதல் 6 டெசிபல் கூடும் என்பது இதன் சுருக்கம். டெசிபல் என்பது ஒலியின் அளவைப் பத்தின் அடுக்குகளில் சொல்லும் அலகு. ஒலித்திறன் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 10 டெசிபல் குறைந்தது என்றும், நூற்றில் ஒன்றானால் 20 டெசிபல் குறைந்தது என்றும் பொருள். இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கக்கூடியது, அதாவது தன்மீது விழும் ஒலித்திறனில் லட்சத்தில் ஒரு பங்கையே கடத்துவது. மரச்சட்டத்தில் அட்டை அறைந்து வீடு கட்டும் நாடுகளில் இவ்வளவு தடுப்பைப் பெறப் பெரும்பாடு படுகிறார்கள். தமிழ்நாட்டு வீடு இந்த வகையில் நல்ல தொடக்கத்தைத் தருகிறது. அதன் குறை கதவிலும் ஜன்னலிலும் இருக்கிறது.

அக்குறையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. கதவுள்ள சுவர் பத்தடிக்குப் பத்தடி என்றால் அதன் பரப்பு 9.3 சதுர மீட்டர். கதவும் சுவரைப் போலவே 50 டெசிபல் தடுக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், கதவுக்கும் தரைக்கும் நடுவே 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு 2 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், அது சுவர்ப் பரப்பில் 500இல் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் விழும் ஒலி முழுவதும் கடந்துவிடுவதால், சுவர் முழுவதற்குமான தடுப்பு 50இலிருந்து 27 டெசிபலாக இறங்கிவிடுகிறது. ஒரு விரல் நுழையும் சந்து, ஒன்பது அங்குலச் செங்கல்லின் உழைப்பில் பெரும்பகுதியை வீணாக்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலிருக்கும் வென்டிலேட்டர், கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய லூவர் ஜன்னல், ஏசி குழாய்க்காகத் துளைத்துச் சரியாக அடைக்காத ஓட்டை, சுவரின் இருபுறமும் நேருக்கு நேர் பதித்த சுவிட்சுப் பெட்டிகள் ஆகியவை எல்லாம் இத்தகைய சந்துகளே. கதவைப் பொள்ளலான ஃப்ளஷ் கதவிலிருந்து உள்ளீடு நிறைந்த கனமான கதவாக மாற்றி, நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, கீழே தரையைத் தொடும் பட்டை பொருத்தி, ஜன்னலுக்கு உள்பக்கமாகப் பத்து சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கனத்த கண்ணாடி ஜன்னலைக் காற்றுப் புகாதவாறு அமைப்பது, ஒரு நல்ல மைக்கின் விலைக்குள் முடியக்கூடிய வேலை. அதனால் கிடைக்கும் பயன் எந்த மைக்காலும் கிடைக்காது.

இதற்கு மேலும் தடுப்பு வேண்டுவோர், அறைக்குள் அறை கட்டும் முறையை நாடுகிறார்கள். பழைய சுவரைத் தொடாமல், இடையில் காற்று விட்டு, ஜிப்சம் பலகைகளால் இன்னொரு சுவரும் கூரையும் எழுப்புவது அது. இரண்டு சுவர்களும் நடுவிலுள்ள காற்றும் சேர்ந்து, இரண்டு எடைகளை ஒரு சுருள்வில் இணைத்தது போல ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தாமே ஆடத் தொடங்கும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். செங்கல் சுவருக்கு முன்னால் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர மீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள இரட்டை ஜிப்சம் அடுக்கை நிறுத்தினால், அந்த ஆட்டம் சுமார் 60 ஹெர்ட்ஸில் நிகழும். அந்த இடத்தில் புதிய சுவர் பயன் தருவதற்குப் பதிலாகத் தடுப்பைக் குறைத்துவிடும். இடைவெளியை அதிகமாக்கினால் அந்த அதிர்வெண் இன்னும் கீழே இறங்கும். ஆனால் பத்தடி அகல அறையில் விட்டுக்கொடுக்க இடம் எங்கே இருக்கிறது? ஜிப்சம் வேண்டாம், செங்கல்லாலேயே உட்சுவர் எழுப்பலாம் என்று மாடி அறைகளில் முனைவது ஆபத்தானது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கே பூச்சு நீங்கலாக 650 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. இந்தியத் தர விதிகளின்படி குடியிருப்பு அறைகளின் தளம் தாங்க வேண்டிய பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

பெரும்பாலான வீடுகளுக்கு அறைக்குள் அறை தேவைப்படுவதும் இல்லை. தெருவைப் பார்க்காத, பக்கத்து வீட்டுடன் பொதுச்சுவர் இல்லாத, மேலே வேறு குடித்தனம் இல்லாத அறையைத் தேர்வு செய்வது, எந்தக் கட்டுமானத்தையும் விடப் பெரிய தடுப்பு. மேல்வீட்டில் உரலோ நாற்காலியோ இழுபடும் ஓசை கான்கிரீட் தளத்தின் வழியாகவே வருவதால், கீழ்வீட்டுக்காரர் தம் கூரையில் எதை ஒட்டினாலும் அதில் பெரிதாக மாற்றம் ஏற்படாது. மேலே ஒரு தடித்த விரிப்பு போடச் செய்வதே அதற்கு மருந்து. மொட்டைமாடிக்கு நேர்கீழ் அறையில் அந்தத் தொல்லை இல்லையென்றாலும் வெயிலின் சூடு இரவிலும் இறங்கும். தேர்வு எப்போதும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் அமையும்.

இனி உள்ளே பிறக்கும் ஒலி. ஓர் அறைக்குள் ஒலி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை முதன்முதலில் முறையாக அளந்து விதியாக்கியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் கிளெமென்ட் சபைன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட ஃபாக் கலைக் காட்சியகத்தின் சொற்பொழிவு அறையில் பேச்சு ஒன்றோடொன்று குழம்பி விளங்காமற்போக, அதைச் சரிசெய்யும் பொறுப்பு 1895இல் இளம் ஆசிரியரான அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் அடங்கிய இரவுகளில் அவர் ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, அதன் எச்சவொலி காதுக்குக் கேளாமற்போகும் வரையான நேரத்தை அளந்தார். பிறகு அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அறையில் பரப்பி மீண்டும் அளந்தார். காலி அறையில் ஐந்தரை நொடி அளவுக்கு நீடித்த ஒலி, மெத்தைகள் கூடக்கூடக் குறைந்துகொண்டே வந்தது. அது குறைந்த விதத்திலிருந்து அவர் கண்ட விதி இன்றும் பயன்படுகிறது: ஒலி 60 டெசிபல் தேய்வதற்கு ஆகும் நேரம், அதாவது எதிர்முழக்க நேரம், அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உட்கவர்தலால் வகுத்தால் கிடைக்கும். ஒலி முழுவதையும் விழுங்கிவிடும் ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னலே உட்கவர்தலின் அலகு. இந்த விதியைக் கொண்டு திட்டமிடப்பட்டு 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால், உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

சபைனின் விதியைப் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் பொருத்தலாம். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் தம்மீது விழும் ஒலியில் ஏறக்குறைய 3 விழுக்காட்டையே உட்கவர்வதால், 63 சதுர மீட்டர் பரப்பு முழுவதும் சேர்ந்து 2 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குக்கூட ஈடாகாது; எதிர்முழக்க நேரம் 3 நொடியை நெருங்கும். கதவும் ஜன்னலும் உள்ளே நிற்கும் மனிதரும் அதைச் சற்றுக் குறைத்தாலும், வெள்ளையடித்த காலி அறையில் கைதட்டினால் எழும் அந்தக் கணீரென்ற அதிர்வு அனைவரும் கேட்டறிந்ததே. குரலைப் பதிவதற்கு ஏற்ற 0.3 நொடிக்கு அதைக் கொண்டுவர 18 சதுர மீட்டர் அளவுக்கு உட்கவர்தல் வேண்டும். நான்கடிக்கு இரண்டடி அளவில், நான்கு அங்குலத் தடிமனில் ராக்வூல் என்னும் பாறையிழைப் பஞ்சு அடைத்த ஒரு பலகை, நடுத்தர அதிர்வெண்களில் தன் பரப்பு முழுவதற்கும் உட்கவரும் என்று கொண்டால், ஒரு பலகையின் பங்கு 0.74 சதுர மீட்டர். அறையில் ஏற்கெனவே உள்ள உட்கவர்தல் போக, அப்படிச் சுமார் இருபத்திரண்டு பலகைகள் தேவைப்படும். இலவம்பஞ்சு மெத்தையோடு கூடிய கட்டில், துணி அடுக்கிய திறந்த அலமாரி, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை ஆகியவை இந்தச் சுமையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டால் பன்னிரண்டு பலகைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதனால் பதிவில் விளையும் மாற்றத்தையும் எண்ணால் சொல்ல முடியும். பாடுபவரிடமிருந்து விலகிச் செல்லச் செல்ல நேரடிக் குரல் தேய்கிறது. சுவர்களிலிருந்து திரும்பும் ஒலியோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பியிருக்கிறது. இரண்டும் சமமாகும் தொலைவை எல்லைத் தொலைவு எனலாம். காலி அறையில் அது சுமார் 20 சென்டிமீட்டர், 0.3 நொடிக்கு அடக்கிய அறையில் 60 சென்டிமீட்டர். அதாவது காலி அறையில் ஒரு சாண் தூரத்தைத் தாண்டி மைக்கை வைத்தாலே குரலைவிட அறையே மிகுதியாகப் பதிவாகும். திருத்திய அறையில் வீணையிலிருந்தோ வயலினிலிருந்தோ இரண்டடி தள்ளி மைக் வைத்து, அதன் உடல் முழுவதும் சேர்ந்து எழுப்பும் நாதத்தைப் பதிய இடம் கிடைக்கும். முன்பக்க ஒலியையே முதன்மையாகக் கேட்கும் கார்டியாய்ட் வகை மைக் இந்தத் தொலைவை இன்னும் ஒன்றேமுக்கால் மடங்கு நீட்டித் தரும்.

உட்கவர்தலுக்கு எந்தப் பொருள் என்பதில்தான் தவறான நம்பிக்கைகள் மலிந்திருக்கின்றன. முட்டை அட்டையை எடுத்துக்கொண்டால், அதன் மெல்லிய காகிதக்கூழ் தடுப்புக்கு வேண்டிய எடையும் இல்லாதது, உட்கவர்தலுக்கு வேண்டிய தடிமனும் இல்லாதது. அதன் மேடுபள்ளங்கள் மிக உயர்ந்த அதிர்வெண்களைச் சற்றுச் சிதறடிப்பதோடு சரி. நுண்துளைப் பொருள் ஒலியை உட்கவர்வது, அதன் இழைகளுக்கிடையே காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் அசைந்து உராய்ந்து, ஒலியாற்றல் மிகச் சிறிதளவு வெப்பமாக மாறுவதனால். சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாது; சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளியிருக்கும் காற்றே மிகுதியாக அசைகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் செல்வதால், 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர், அதில் கால் பங்கு 87 சென்டிமீட்டர். ஓர் அங்குல ஸ்பாஞ்சு முழுத்திறனோடு வேலை செய்வது 3,500 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும்தான். ஆயிரத்துக்குக் கீழே அதன் பயன் வேகமாகக் குறைந்துவிடும். நான்கு சுவரையும் மெல்லிய ஸ்பாஞ்சால் மூடிய அறையில் 'ச', 'த' போன்ற மெய்களின் கூர்மை மட்டும் விழுங்கப்பட்டு, கீழ் ஒலிகள் அப்படியே முழங்குவதால், குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல் மந்தமாகிவிடுகிறது. வெறும் சுவரே அதைவிட மேல் என்று சொல்லத்தக்க நிலை அது.

ஆகவே தடிமனே முதன்மை. கனமீட்டருக்கு 48 கிலோ அல்லது அதை ஒட்டிய அடர்த்தியுள்ள ராக்வூல் பலகைகளை ரீப்பர் கட்டையால் அடித்த சட்டத்தில் வைத்து, வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் வரக்கூடிய துணியால் போர்த்தி, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டால், அந்த இடைவெளியும் தடிமனோடு சேர்ந்து பயன் தரும். ரெக்சின் போன்ற காற்றுப் புகாத உறையைப் போட்டால் உயர்ந்த ஒலிகள் திரும்பிவிடும். ராக்வூலை வெட்டும்போது இழைகள் தோலையும் மூச்சையும் உறுத்துமாதலால் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

சபைனின் விதி ஒலி அறை முழுவதும் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்கிறது. சிறிய அறையில் கீழ் அதிர்வெண்களுக்கு அந்த ஊகம் பொருந்தாது. எதிரெதிர்ச் சுவர்களின் இடைத்தூரம் ஒலியின் அரை அலைநீளத்துக்குச் சமமாகும்போது, போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஓரிடத்தில் எப்போதும் அழுத்தம் மிகுந்தும் இன்னோரிடத்தில் எப்போதும் அழுத்தமே மாறாமலும் நிற்கும் நிலை அலை உருவாகிறது. பன்னிரண்டடி நீளத்துக்கு அது 48 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 95, 143 ஆகியவற்றிலும் அமையும். பத்தடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸிலும் 115இலும் அமையும். இந்த அறையின் உயரமும் பத்தடியே என்பதால் உயரத்தின் நிலை அலைகளும் அதே 57இலும் 115இலும் வந்து ஏறி, அந்த இடங்களை இரட்டிப்பாக்குகின்றன. மூன்று அளவும் சமமான கனசதுர அறை ஒலிப்பதிவுக்கு மிக மோசமானது என்று சொல்லப்படுவதற்கு இதுவே காரணம். புதிதாக வீடு கட்டுபவர் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றுக்கொன்று சமமாகவோ மடங்காகவோ அமையாதபடி வரைபடத்திலேயே பார்த்துக்கொண்டால், காசு செலவில்லாமல் பெரிய தொல்லை ஒன்று நீங்கும்.

இது ஏட்டுக் கணக்கல்ல. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். அறையின் நீளத்துக்குரிய இரண்டாம் நிலை அலை 95 ஹெர்ட்ஸ். இரண்டும் நெருங்கி நிற்பதால், அந்த ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடத் தூக்கி ஒலிக்கக்கூடும். அறையின் நடுவில் மைக் இருந்தால் அந்த வீக்கம் முழுவதும் பதிவாகும், நீளத்தில் கால் பங்கு தொலைவில் இருந்தால் ஏறக்குறைய மறைந்துவிடும். மிருதங்கத்திலும் இதே சிக்கல் உண்டு. வலந்தலையின் நடுவிலுள்ள கருஞ்சோறு, தோலின் ஒழுங்கற்ற மேற்சுரங்களை இசைக்கம்பியின் மேற்சுரங்களைப் போல முழு எண் மடங்குகளில் ஒழுங்குபடுத்துகிறது என்பதை சி. வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வுக் குறிப்பிலும் பின்னர் விரிவாகவும் எடுத்துக்காட்டினார். தோலின் மீது பூசிய சோற்றால் இவ்வளவு கவனமாக அமைக்கப்பட்ட அந்த ஒழுங்கை, அறையின் நிலை அலைகள் ஒரு சுரத்தைத் தூக்கியும் ஒன்றை விழுங்கியும் கலைத்துவிட இடங்கொடுப்பது வருந்தத்தக்கது. இடந்தலையான தொப்பியின் கும்காரமோ நிலை அலைகள் ஆளும் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே எழுவதால், மிருதங்கத்தை வைக்கும் இடத்தை இரண்டடி இப்படியும் அப்படியும் மாற்றி வாசித்துக் கேட்ட பிறகே மைக்கை நிறுத்த வேண்டும்.

நிலை அலைகளை அடக்கத் தகுந்த இடம் மூலைகள். எல்லா நிலை அலைகளும் மூலையில் அழுத்தம் மிகுந்தே நிற்பதால், சுவர்கள் கூடும் மூலைகளிலும் சுவரும் கூரையும் கூடும் விளிம்புகளிலும் அடைக்கும் தடித்த பொருள் எல்லாவற்றையும் ஒருசேரத் தொடுகிறது. இங்கேதான் தமிழ்நாட்டு வீட்டின் பரண் எதிர்பாராத உதவியாகிறது. கூரையை ஒட்டிய விளிம்பில், இரண்டடி ஆழத்தில், சுவரின் நீளம் முழுவதும் ஓடும் அந்த இடத்தைப் பழைய பஞ்சு மெத்தைகளாலோ ராக்வூலாலோ இறுக்கமில்லாமல் நிரப்பி, முகப்பைத் துணியால் மூடினால், 150 ஹெர்ட்ஸை ஒட்டிய கீழ் ஒலிகள்வரை அடக்கும் உட்கவர்பொருளாக அது மாறுகிறது. கடையில் வாங்கும் எந்த மூலைத் துண்டுக்கும் இவ்வளவு கன அளவு கிடையாது. இரும்புப் பீரோவை மட்டும் அறையை விட்டு வெளியேற்றிவிட வேண்டும். கீழ் சுரங்கள் ஒலிக்கும்போது அதன் கதவும் உள்ளே தொங்கும் சாவிக்கொத்தும் கூடவே நடுங்கும்.

அறை இவ்வளவு சீர்பட்ட பிறகு கருவிகளைத் தேர்வது எளிது. டைனமிக் மைக்கில் ஒரு சிறு கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது; சுருளுக்கு எடை இருப்பதால் மிக நுண்ணிய ஒலிகளுக்கு அது சற்று மந்தமாக அசையும், முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கும். கண்டென்சர் மைக்கில் மிக மெல்லிய ஓர் ஏடும் அதற்கு நெருக்கமான ஓர் உலோகத் தகடும் மின்தேக்கியாக அமைந்து, ஏடு அசையும்போது மாறும் மின்தேக்குதிறன் ஒலியாகப் படிக்கப்படுகிறது. இதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். அமைதியான அறையில் கண்டென்சர் நுட்பத்தைக் காட்டும்; இரைச்சலான அறையில் பாடுபவரின் வாயருகே வைத்த டைனமிக்கே நல்ல பதிவைத் தரும். கடலோர ஊர்களின் ஈரப்பதம் கண்டென்சரின் ஏட்டைப் பாதிக்குமாதலால், பயன்படுத்தாத நேரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பது நல்லது.

இன்டர்ஃபேஸ் ஒலியை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்ணாக்குகிறது. மனிதக் காது கேட்கும் மேல் எல்லையான 20,000 ஹெர்ட்ஸின் இரு மடங்கை இது தாண்டிவிடுவதால் இதற்கு மேல் தேவை குறைவு. 24 பிட் பதிவில் மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடையே கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடமிருப்பதால், உச்சத்தை எட்டும்படி ஒலியளவை ஏற்றிப் பதிய வேண்டிய அவசியமும் இல்லை. கணினி எண்களை ஒரு தொகுதியாகச் சேர்த்துக் கையாளும் நேரம் மட்டும் கவனத்துக்குரியது: 48,000 வேகத்தில் 128 எண்களின் தொகுதி 2.7 மில்லி நொடி. 512 என்றால் 10.7 மில்லி நொடி. போக்கும் வரவும் சேரும்போது இது இரட்டிப்பாகி, ஹெட்ஃபோனில் தம் குரலைத் தாமதமாகக் கேட்கும் பாடகர் தாளத்தில் தடுமாறுவார். தம்புரா ஒலியையும் ஹெட்ஃபோனிலேயே கொடுத்துவிட்டால் அது மைக்கில் கலக்காது.

பதிந்ததைக் கேட்டுச் சீர்செய்யும்போது, இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணத்தின் முனைகளாக அமைய வேண்டும். ஒருவர் அமர்ந்திருக்க, மற்றொருவர் பக்கச்சுவரில் ஒரு கண்ணாடியை வைத்து நகர்த்திக்கொண்டே போனால், கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமே ஒலி முதலில் தெறித்துக் காதுக்கு வரும் இடம். ஒளிக்கும் ஒலிக்கும் தெறிப்பு விதி ஒன்றே. பலகைகளில் முதல் இரண்டு அங்கேதான் தொங்க வேண்டும்.

கடைசியாக, காற்றும் மின்சாரமும். சந்துகள் எல்லாம் அடைபட்ட அறையில் மூச்சுக்காற்று மாறுவதில்லை. ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆகவே பதிவுக்கு இடையிடையே கதவைத் திறந்துவிடுவது, அல்லது உட்புறம் ராக்வூல் ஒட்டி வளைத்து வளைத்து அமைத்த பெட்டி வழியாக மெதுவான விசிறியால் காற்றை இழுப்பது அவசியம். நில இணைப்பு சரியில்லாத வீட்டில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் உறுமலாகப் பதிவில் ஏறும். அந்த உறுமலை நிறுத்துவதற்காக மூன்று முனைப் பிளக்கின் நில முனையை உடைத்தெறியும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. உலோக உறையுள்ள மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுபவருக்கும் மின்னதிர்ச்சிக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு கம்பியே. எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தை ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து பகிர்ந்து எடுத்தாலே பெரும்பாலான உறுமல் நின்றுவிடும்.

தீயைப் பற்றிய எச்சரிக்கையை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இசை விடுதியின் மேடையைச் சுற்றி ஒலி அடக்குவதற்காக ஒட்டியிருந்த பாலியூரிதேன் ஸ்பாஞ்சில் வாணவேடிக்கைப் பொறி பட்டு, சில நிமிடங்களுக்குள் கட்டடம் முழுவதும் நச்சுப்புகை சூழ்ந்து 100 பேர் இறந்தனர். வீட்டு அறையில் வாணவேடிக்கை இல்லை. ஆனால் சூடாகும் மின்கம்பிகளும், ஒரே கதவும், அடைத்த ஜன்னலும் உண்டு. பெட்டிகளில் பொருள் அடைக்க வரும் ஸ்பாஞ்சையும் முட்டை அட்டையையும் சுவரில் ஒட்ட வேண்டாம். தீப்பற்றாத ராக்வூலையே வாங்குங்கள், ஜன்னலை நிரந்தரமாக மூடாதீர்கள், அறையின் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி அமையுங்கள்.